கடல் நீலத்துக்கு அப்ரூவல்

திருப்பூரில் கடல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி கடலைக் காப்பாற்றிய கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் பாதியில் கையைக் காட்டி நிறுத்தி இதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் பனியன் ஃபாக்டரி அருள்புரத்தில் இருக்கிறது. முன்னால் பல்லடம் ரோடு, பின்னால் ஒரு தென்னந்தோப்பு. உப்புத் தண்ணீர்தான் வேண்டுமென்றால் போர் போட்டால் வரும். அதைக் கடல் என்று யாரும் சொல்வதில்லை.

நான் அங்கே கம்ப்ளையன்ஸ் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் கேள்விகளுக்கெல்லாம் 'ஆம்' என்று பதில் சொல்லும் நிலையில் ஃபாக்டரியை வைத்திருப்பதுதான் என் வேலை. தீயணைப்பான் இருக்கிறதா? ஆம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? ஆம். தொழிலாளி மகிழ்ச்சியாக இருக்கிறாரா? அதற்கும் ஆம். போன வருடம் வந்த கேள்விகளின் கடைசியில் புதிதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உங்கள் நிறுவனம் கடலுக்காக என்ன செய்கிறது?

முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் முதலாளி ஊத்துக்குளிப் பக்கத்து விவசாயக் குடும்பம். தங்கமான மனுஷன். கோபத்தில்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். கடலை அவர் பார்த்தது திருச்செந்தூரில் பையனுக்கு மொட்டை போட்டபோது. மீன் சாப்பிட மாட்டார். கவுச்சி ஆகாது.

"நாம கடலுக்கு என்னங்க அம்மிணி பண்ணியிருக்கறோம்?"

"ஒண்ணுமே பண்ணலீங்க சார்."

"அப்ப ஒரு கெடுதலும் பண்ணலைன்னு எழுதிப்போடுங்க."

ஒரு காலத்தில் இந்த ஊர்ச் சாயமெல்லாம் நொய்யலில் இறங்கியது என்றும், நொய்யல் காவிரிக்குப் போகிறது என்றும், காவிரி எங்கே போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும் என்றும் நான் மெதுவாக ஆரம்பித்தேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அந்தச் சொந்தமெல்லாம் வேண்டாமுங்க" என்றார்.

கடலோடு எங்கள் கம்பெனிக்கு இருந்த ஒரே நல்ல சொந்தம் என் அண்ணன். அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

எங்கள் பூர்வீகம் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அம்மா அப்பாவோடு திருப்பூர் வந்து, செக்கிங் டேபிளில் நின்று, தபாலில் படித்து இந்த நாற்காலிக்கு வந்தேன். அண்ணன் ஊரிலேயே இருந்துவிட்டான். விசைப்படகில் வேலை. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை எங்கள் பக்கத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிடும் காலம் என்று அரசாங்கம் தடை போட்டிருக்கிறது. அந்த இரண்டு மாதமும் அண்ணன் ஒரு பை கருவாட்டோடு என் லைன் வீட்டுக்கு வந்துவிடுவான். எங்கள் கம்பெனி பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவான். அவனோடு ஊர்க்காரர்கள் சிலரும் வருவார்கள். கருவாடு வறுக்கிற அன்றைக்கு வீட்டுக்காரம்மா ஜன்னலைச் சாத்துவார். அவ்வளவுதான் எங்கள் கடல்சார் வாழ்க்கை.

அண்ணனுக்குத் திருப்பூர் பிடிக்காது. டேப் ஒட்டும் சத்தம் காதிலேயே நிற்கிறது என்பான். ஊரில் மைனியும் (அண்ணன் பெண்டாட்டியை நாங்கள் மைனி என்போம்) இரண்டு பெண் பிள்ளைகளும். சின்னவள் அப்பா மடியை விட்டு இறங்காதவள். ஜூன் பிறந்துவிட்டால் போதும், இவன் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டே நிற்பான். அதற்குக் காரணம் ஆசை மட்டுமில்லை. தடை முடிகிறதற்கு முன்னால் படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், கிழிந்த வலையெல்லாம் பிரித்துப் போட்டுத் தைப்பார்கள். அந்த வலையில் கை வைத்தவனுக்குத்தான் படகில் இடம். எழுத்து கிடையாது, பேச்சு கிடையாது. வலை தைக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த வருடம் நீ அந்தப் படகுக்காரன். இல்லையென்றால் கரையில் நிற்க வேண்டியதுதான். சொந்தக்காரன், சிநேகிதன் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

அந்த மே மாதம் பையரின் ஆட்கள் ஃபாக்டரியைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். பேக்கிங்கில் அண்ணனையும் ஊர்க்காரர்களையும் பார்த்து, இவர்கள் யார், நிறமே வேறாக இருக்கிறதே என்றார்கள். மீனவர்கள், தடைக்காலத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று நான் உள்ளதைச் சொன்னேன். அவர்கள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். ஒருத்தி அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கி விடவே மாட்டேன் என்றாள். அண்ணன் கையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரமே கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து இறங்கினார். நீடித்த வளர்ச்சி அவருடைய துறை. போர்டில் மூன்று வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி போட்டார். ஒன்று பொருளாதாரம், ஒன்று சமூகம், ஒன்று சூழல். கடல் மேலாண்மை என்றாலே இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் சமமாகப் பிடிப்பதுதான் சார், உலகமே இதற்குத்தான் திணறுகிறது, நீங்கள் உங்களுக்கே தெரியாமல் சாதித்துவிட்டீர்கள் என்றார். மீன் ஓய்வெடுக்கிறது, அது சூழல். மீனவனுக்கு வேலை, அது சமூகம். நமக்கு ஷிப்மென்ட், அது பொருளாதாரம். மூன்று வட்டமும் சேரும் நடுவில் ஒரு புள்ளி வைத்து, "இங்கேதான் இவங்க அண்ணன் நிற்கிறார்" என்று என்னைக் காட்டினார்.

முதலாளி அசந்துபோனார். அவருக்கு இந்தத் தடைக்காலமே அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

"நல்ல ஏற்பாடுதானுங்க. எங்க அப்புச்சி சினை எருமையக் கறக்கவே மாட்டாருங்க. ஆனா எருமைக்கே பத்து மாசமாகுது. மீனுக்கு ரெண்டு மாசம் பத்துமுங்களா? ஜூன் முடியற மட்டும் விட்டா என்னங்க?"

ஜூன் முடிவில்தான் எங்கள் பெரிய ஷிப்மென்ட். மீன்களின் மேல் அவருக்குத் திடீரென்று வந்த பாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பொய்ப் பாசம் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார்.

இந்த இடத்தில் எனக்கு எந்தப் பக்கமென்று சொல்லிவிட வேண்டும். தடைக்காலம் வேண்டும். அண்ணனே அதைத்தான் சொல்வான். "தடை இல்லன்னா கடைசி மீன் வரைக்கும் நாங்களே அள்ளிருவோம் பிள்ள, எங்களுக்கு ஏது நிதானம்" என்று சிரிப்பான். அவன் ஒன்றும் உத்தமனில்லை. அவன் போகும் படகில் என்ன வலை போடுகிறார்கள் என்று நான் கேட்டால் பேச்சை மாற்றுவான். நாட்டுப்படகுக்காரர்கள் விசைப்படகுக்காரர்களைக் கண்டாலே மண்ணை வாரித் தூற்றுவார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆக, மூன்று வட்டமும் எங்கள் ஊரில் அடித்துக்கொண்டு புரள்வதை லீவுக்குப் போகும்போதெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். அருள்புரம் ஏசி ரூமில் அவை அவ்வளவு ஒழுங்காக ஒன்றையொன்று தழுவிக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பையருக்கு இந்தக் கதை பிடித்துவிட்டது. 'கடல்' என்று ஒரு டி-சர்ட் வரிசையையே ஆர்டராகக் கொடுத்தார்கள். பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி இழுத்த நூலும் பஞ்சு நூலும் கலந்த துணி, நெஞ்சில் மூன்று வட்டம், நிறம் கடல் நீலம். கூடவே ஒரு சின்னப் படமும் எடுப்பார்கள். அந்த நீல டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு அண்ணன் பேக்கிங்கில் நிற்க வேண்டும், சிரிக்க வேண்டும், பிறகு கடலுக்குத் திரும்ப வேண்டும்.

படப்பிடிப்பு ஜூன் முதல் வாரம் என்றார்கள். அண்ணன் சரி என்றான். அது முடிந்தால் வலை தைக்கப் போய்ச் சேரலாம்.

அப்புறம்தான் நிறம் தகராறு ஆரம்பித்தது. திருப்பூரில் ஒரு பழக்கம். எதுவானாலும் முதலில் சின்னத் துண்டுத் துணியில் சாயமேற்றிப் பையருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு லேப் டிப் என்று பேர். அது அப்ரூவல் ஆகாமல் ஒரு முழம் துணிகூட நனையாது. இந்த ஊரில் கல்யாணம்கூட அப்ரூவல் வாங்கித்தான் நடக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எங்கள் டையிங் மாஸ்டர் முதல் துண்டை அனுப்பினார். 'மிகவும் ஆழமாக இருக்கிறது' என்று பதில் வந்தது. வெளுத்து அனுப்பினார். 'இது நீச்சல் குளம்.' பச்சை சேர்த்தார். 'மாசுபட்டதுபோல் தெரிகிறது.' பாட்டில் நூல் ஒரு மாதிரி சாயம் குடிக்கும், பஞ்சு வேறு மாதிரி குடிக்கும், இரண்டையும் சமாதானப்படுத்துவதற்குள் மாஸ்டருக்கு உயிர் போய்விட்டது. அடுத்த துண்டுக்கு வந்த பதிலை அவர் என்னிடம் கொண்டுவந்து, "மேடம், இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்றார். 'இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள்.

யாரோ அண்ணனைக் கூப்பிடச் சொன்னார்கள். கடலைப் பார்த்தவன் அவன்தானே. டையிங் மாஸ்டர் துண்டுகளையெல்லாம் மேசையில் பரப்பி, இதில் எதுங்க கடல் என்று கேட்டார். அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, தனக்கு இது தெரியாது, தான் எப்போதும் வலையைத்தான் பார்ப்பது, தன்னை எப்போது ஊருக்கு விடுவார்கள் என்று கேட்டான்.

அண்ணனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. மைனி அவனிடம் ஃபோனில், வலையைக் கரையில் பிரித்துப் போட்டாயிற்று, படகு டிரைவர் உங்களைக் கேட்டார் என்றாள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்கு வட்டமும் இல்லை, படமும் இல்லை.

நான் முதலாளியிடம் போய் நின்றேன்.

"சார், அவனுக்குப் படகுல எடம் போயிரும். வேற கலர்ச் சட்டையப் போட்டு எடுத்துட்டா என்னங்க?"

"அப்ரூவல் இல்லாத பீஸப் படத்துல காட்டுனா பையர் என்னங்க நெனைப்பாரு?"

"பொறவு கம்ப்யூட்டர்ல கலர மாத்திக்கலாமுங்களே."

முதலாளி அதிர்ந்துபோனார். "அது ஏமாத்து வேலைங்க அம்மிணி. கடலக் காப்பாத்தற படத்துல பொய் சொல்லலாமுங்களா? ரெண்டு நாளு பொறுத்துக்கச் சொல்லுங்க. படம் முடிஞ்ச கையோட நம்ம கார்லயே கொண்டுபோய் ஊட்டு வாசல்ல எறக்கிடச் சொல்றனுங்க."

அண்ணன் போயிருக்கலாம். பஸ் ஏறினால் யாரும் பிடித்து வைக்கப் போவதில்லை. ஆனால் அவனுக்கு வேலை போட்டுக் கொடுத்தது நான், அவன் போனால் என் தலை உருளும் என்று நினைத்துவிட்டான். "ஒனக்காவத்தான் நிக்கேன் பிள்ள" என்றான். எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. முதலாளிமேல் வரவேண்டிய கோபம் அது. ஆனால் அவரோ இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார், எங்கே பிடித்து அவரிடம் கோபப்படுவது?

நம்பிக்கை சேர்ந்த நீலம் ஒருவழியாக வந்தது. முதல் துண்டுக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாஸ்டரிடம் கேட்டேன். குரலைத் தாழ்த்தி, முதல் துண்டையே மறுபடி அனுப்பினேன் மேடம் என்றார். படம் எடுத்தார்கள். அண்ணன் நீல டி-சர்ட்டில் நின்றான், டேப் ஒட்டினான், சிரி என்றதும் சிரித்தான். முதலாளி வாக்குத் தவறவில்லை. அன்று சாயங்காலமே கார் வந்தது. வழிக்குச் சாப்பிட முறுக்குப் பொட்டலம்கூடக் கொடுத்தனுப்பினார்.

அண்ணன் ஊரில் இறங்கியபோது வலையெல்லாம் தைத்து முடித்துப் படகில் ஏற்றியிருந்தார்கள். ஐஸ் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் இடத்தில் ஒடிசாவிலிருந்து வந்த ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். நல்ல பையன், வலையில் ஒரு வாரமாகக் கை வைத்தவன். படகு டிரைவர் அண்ணனைத் திட்டவில்லை. "கார்ல வந்து எறங்குத, இனி ஒனக்குப் படகு எதுக்குலே" என்று மட்டும் சொன்னாராம். அண்ணன் வேறு படகுகளிலும் கேட்டுப் பார்த்தான். எல்லா வலையும் தைத்தாயிற்று. தடை முடிந்து படகுகளெல்லாம் கூட்டமாகக் கடலுக்குப் போனதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறான். சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். மைனி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சில நாளில் திரும்பி வந்துவிட்டான். இந்த முறை கருவாடு கொண்டுவரவில்லை. பேக்கிங்கில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டார்கள். முதலாளிக்கு உண்மையிலேயே வருத்தம். "அடடா, மொதல்லயே சொல்லியிருந்தா வேற ஏற்பாடு பண்ணியிருக்கலாமுங்களே" என்றார். நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். அதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். "ஆமாங்க, சொன்னீங்க" என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்கிறவரை என்ன செய்ய முடியும்?

ஆலோசகருக்கு வருத்தமே இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு நாற்காலியின் நுனிக்கு வந்தார். ஒரு மீனவர் நிரந்தரமாக மாற்றுத் தொழிலுக்கு வந்திருக்கிறார் என்றால் கடல் மேல் இருக்கும் சுமை அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது மேடம், இது நாம் எதிர்பார்க்காத சூழல் பலன் என்றார்.

"சார், படகு நிக்கல. அதே படகு, அதே வலைதான் போயிருக்கு. ஆள்தான் வேற."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ சமூக வட்டத்துல ஒண்ணு கூடுது. ஒடிசாக்காரருக்கும் வேலை கிடைச்சிருக்கே" என்றார். அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. நான் காபி சொல்லிவிட்டேன்.

ஆகஸ்டில் படம் தயாராகி வந்தது. கேன்டீனில் திரை கட்டி, தையல் லைனை நிறுத்தி, எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டார்கள். ஹிந்திக்காரப் பையன்கள் தரையில், பெண்கள் பெஞ்சில், அண்ணன் பேக்கிங் ஆட்களோடு நடுவரிசையில். படம் நன்றாகத்தான் இருந்தது. அலை வந்தது, ஆமை வந்தது, எங்கள் முதலாளி வந்து இரண்டு கையையும் கூப்பினார். பிறகு அண்ணன் டேப் ஒட்டினான், சிரித்தான். விசில் பறந்தது. கடைசியில் நீல டி-சர்ட் போட்ட ஒருவர் படகின் முனையில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், சூரியன் உதித்தது. அந்த முதுகு யாருடையது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கனமான குரல் ஒன்று தமிழில் சொன்னது. இன்று அவர் மீண்டும் தன் கடலில் இருக்கிறார்.

எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் கை தட்டினான், கடைசியாக நிறுத்தியவனும் அவன்தான். அப்புறம் எழுந்து வேலைக்குப் போய்விட்டான். எனக்கு அழுகை வந்தது. அங்கே அழ முடியாது என்பதால் மாடிக் கழிப்பறைக்குப் போய், ஆடிட்டுக்காக நானே சரிபார்த்த தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அழுதேன்.

அன்று மத்தியானமே கம்பெனி படத்தை நெட்டில் ஏற்றிவிட்டது. அது எப்படியோ கை மாறி ஊர் வரைக்கும் போயிருக்கிறது. நான் வீட்டுக்குக் கிளம்பும்போது மைனி கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டு நாளாயிற்று.

"ஏ பிள்ள, படத்தப் பாத்தேன். ஒங்க அண்ணன் கடலுக்குப் போயிட்டாகளாமே! எந்த ஊர்ப் படகுல எடம் கெடச்சிச்சு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு. சின்னவ அப்பா வாராகன்னு கரைக்கு ஓடிட்டா."

கீழே பேக்கிங்கில் டேப் இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு ஓவர் டைம்.

"இங்கதான் இருக்கான் மைனி" என்றேன். "இருட்டப் போகுது. போய்ப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க."